கடைசி வரியிலிருந்து

கண்ணாடிக்காரரிடம் கண் காட்டப் போவதும் போலீஸ் ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுக்கப் போவதும் ஒன்றுதான் என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு உண்டு. முன்பெல்லாம் மனிதர் இப்படி இல்லை. தெரியுதா, தெரியலையா, சரி இதைப் போட்டுக்கிட்டுப் போங்க என்று கால் மணி நேரத்தில் ஆளை அனுப்பிவிடுவார். இந்த மூன்று வருடமாகத்தான் நாற்காலியில் உட்கார வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு எழுந்திருக்க விடுவதில்லை. அதிலும் வண்டி ஓட்டுகிறவர்கள் வந்து மாட்டினால் தொலைந்தார்கள்.

அன்றைக்குக் காலையில் மாட்டியவர் பஸ் டிரைவர். விடியும்போதே பிடித்த தூறல் விட்டபாடில்லை. டிரைவர் கால் சேற்றை வாசலில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தார். அந்தக் கடை ரயில் பெட்டியை நறுக்கி வைத்தது மாதிரி இருக்கும். கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டும். நீளம் மட்டும் தாராளம். ஒரு கோடியில் நாற்காலி, இன்னொரு கோடியில் எழுத்து அட்டை, நடுவில் சரியாக இருபது அடி. ஜன்னலை ஒட்டிக் கண்ணாடி தேய்க்கிற சக்கரமும், ஈரத்தூள் கரைத்து வைத்த கிண்ணமும், சின்னச் சின்ன இழுப்பறைகளும். பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் வீடு.

டிரைவர் வலது கண்ணை மூடிக்கொண்டு அட்டையை மேலிருந்து கீழே மளமளவென்று படித்து முடித்தார். கண்ணாடிக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லாப் படிச்சீங்க. இப்ப கடைசி வரியிலேருந்து மேல வாங்க. வலது பக்கத்திலேருந்து."

"அது எதுக்கண்ணே?"

"சும்மாதான். வாங்க."

டிரைவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு, இல்லையில்லை என்றார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"வீட்டுக்காரிதான். போன வாரம் கண்ணு காட்ட வந்தப்ப எழுதிக்கிட்டு வந்துட்டா. ராத்திரியெல்லாம் உக்கார வெச்சு ஒப்பிக்க வெச்சாண்ணே. பள்ளிக்கூடத்துல இவ்வளவு படிச்சிருந்தா நான் ஏன் பஸ் ஓட்டுறேன்."

அந்தத் தொழிலில் முப்பது வருடம் இருந்தவருக்கு இதெல்லாம் தூசு. பார்த்துப் படிக்கிறவன் தயங்குவான், முகத்தைச் சுருக்குவான், இதுவா அதுவா என்று தன்னையே கேட்டுக்கொள்வான். மனப்பாடம் பண்ணினவனுக்குத் தயக்கம் இருக்காது. மூச்சுக்கூட விடமாட்டான். திருப்பிப் போட்டால் தீர்ந்தது சங்கதி.

"உங்க பஸ்ஸுல நாப்பது பேர் ஏறுறாங்க. கண்ணாடி போட்டுக்கிட்டு ஓட்டுங்க. அதுக்கு அப்புறம்தான் சர்ட்டிபிகேட்டு" என்று சொல்லிச் சோதனைக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். டிரைவர் போகும்போது முணுமுணுத்துக்கொண்டே போனார். மனிதர் மூன்று வருடமாகச் சிரிக்கிறதே இல்லை, பாவம் மகனைப் பறிகொடுத்தவர் என்று அடுத்த கடையில் சொன்னார்கள். மகனைப் பறிகொடுத்தது ஊருக்குத் தெரியும். எப்படிக் கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரியாது. அவர் சம்சாரத்துக்கும் தெரியாது.

அவர் மகனுக்கு இடது கண்ணில் கொஞ்சம் தூரப் பார்வை மட்டு. அதிகமில்லை. பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்து அவரே தேய்த்துக் கண்ணாடி போட்டுவிட்டார். பையன் அதை வீட்டில் போட்டுக்கொள்வான், தெருவில் பைக்குள் போட்டுக்கொள்வான். சண்டை மூண்ட இரண்டாம் வருடம் விமானப்படைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் பள்ளிக்கூடத்துக் கூடத்தில் முகாம் போட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த எழுத்து அட்டை வழியில் மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. ஒரு சார்ஜண்ட் கடைக்கு வந்து, ஒரு நாளைக்கு உங்க அட்டையைக் குடுங்க, நாட்டுக் காரியம் என்று கேட்டான். அந்த அட்டைக்கு அடியில் தவழ்ந்தவன் அவர் மகன். எழுத்துப் படித்ததே அதில்தான். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், குறுக்கே, எப்படிக் கேட்டாலும் தூக்கத்தில் ஒப்பிப்பான். அவனை மட்டும் எந்தத் திசையில் திருப்பினாலும் பிடிக்க முடியாது.

அது அவருக்குத் தெரியும். அட்டையைக் கழற்றும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் பையன் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவையே பார்த்தான். பத்தொன்பது வயது. தலைக்கு மேல் விமானம் போனால் சோற்றுத் தட்டை விட்டுவிட்டு வெளியே ஓடுகிறவன். அவர் அட்டையைத் தூசி தட்டி, பேப்பரில் சுருட்டி, நூல் கட்டி, சார்ஜண்ட் கையில் கொடுத்தார். இவ்வளவுதான் நடந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு பையன் எழுதிய முதல் கடிதத்தில், 'இங்கே பெரிய முகாமிலும் நம்ம கடை அட்டையேதான்ப்பா, அச்சு அசல்' என்று ஒரு வரி இருந்தது. அம்மாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. கடை ஞாபகம் வந்திருக்கு பாவம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இருபத்தொரு வயதில் ஏழு பேர் ஏறுகிற குண்டு விமானத்துக்குக் கேப்டனாகி, ஒரு நாள் போனவன் வரவில்லை. 'காணவில்லை' என்று ஒரு தந்தி, ஆறு மாதம் கழித்து 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று ஒரு காகிதம். அன்றிலிருந்து கண்ணாடிக்காரருக்கு ஒரே கேள்விதான். அந்த இடது கண்ணா? மற்ற ஆறு பேரையும் சேர்த்து நான்தான் அனுப்பினேனா? இதை யாரிடம் கேட்பது? பதில் தெரிந்த ஒரே ஆள் அன்றைக்கு மதியம் வருவதாக எழுதியிருந்தான்.

அவன் அந்த விமானத்தின் வால் பக்கத்தில் துப்பாக்கியோடு உட்காருகிறவன். ஏழு பேரில் பிழைத்தவன் அவன் ஒருத்தன்தான். எதிரி முகாமில் கைதியாக இருந்து, சண்டை முடிந்து வீடு திரும்பி, இப்போது ஒரு மர மில்லில் வேலையாம். ஒவ்வொரு வீடாகப் போய் விஷயத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறான்.

வந்தபோது மூன்று மணி. கோட்டு நனைந்து தோளில் ஒட்டியிருந்தது. வயது இருபத்து நாலுதான் இருக்கும், ஆனால் நாற்பது வயது ஆள் மாதிரி நடந்தான். வலது கையில் இரண்டு விரல் நுனி இல்லை.

"குளிர்ல போயிருச்சுங்கய்யா. வால் பக்கம் ரொம்பக் குளிரும்" என்றான், அவர் பார்ப்பதைப் பார்த்துவிட்டு.

திரையை விலக்கிக்கொண்டு வீட்டுக்காரி வந்தாள். காலையிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசை விரிப்பை இரண்டு தடவை இஸ்திரி போட்டாள். முட்டையை வேகவைத்துவிட்டு, ஆறிப்போகுமே என்று திரும்பவும் வெந்நீரில் போட்டாள். வந்தவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். அவன் கோட்டை வாங்கி நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள்.

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்ப்பா."

"இல்லம்மா, சொல்லிட்டுச் சாப்பிடுறேன். சொல்லாம இறங்காது."

"சரி, டீயாவது குடி" என்று அடுப்பங்கரைக்குப் போனாள்.

அவன் எழுத்து அட்டைக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"திரும்பி வந்துக்கிட்டு இருந்தோங்கய்யா. வேலை முடிஞ்சுருச்சு. கரையைத் தாண்டுற சமயம் கீழேயிருந்து சுட்ட குண்டு ஒண்ணு இடது எஞ்சின்ல பட்டுது. உடனே தீப்பிடிச்சுருச்சு. கேப்டன் கொஞ்சங்கூடப் பதறல. விமானத்தை நேராப் பிடிச்சுக்கிட்டு எங்க எல்லாரையும் குதிக்கச் சொன்னாரு. நான் குதிச்சேன். மத்தவங்க குதிக்கறதுக்குள்ள விமானம் கடல்ல விழுந்துருச்சு. கேப்டனுக்கு வலி தெரிஞ்சிருக்காது. அவரு மாதிரி ஒரு மனுசரை நான் பார்த்ததில்லை."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தான். ஒரு இடத்தில் தயக்கமில்லை, ஒரு வார்த்தை தேடவில்லை. மனப்பாடம் ஒப்பிக்கிற இந்தக் குரலைத்தான் கண்ணாடிக்காரர் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எத்தனை வீட்டுல சொன்னீங்க இதை?"

"அஞ்சு வீடுய்யா. இது ஆறாவது. உங்க வீட்டைக் கடைசியா வெச்சுக்கிட்டேன்."

"இடது பக்கம்னு சொன்னீங்க."

"ஆமாய்யா."

இடது. மகனின் கண் செய்த தவறை இவன் மறைக்கிறான், பெற்றவனை நோகடிக்க வேண்டாமென்று நல்ல பிள்ளையாகக் கதை கட்டுகிறான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. விடக்கூடாது. மூன்று வருடம் காத்திருந்தது இதற்காகத்தான்.

"இப்ப எனக்காக ஒண்ணு செய்ப்பா. கடைசியிலேருந்து சொல்லு."

"என்னதுய்யா?"

"கடைசியா என்ன நடந்துச்சு?"

"தண்ணியில விழுந்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"குதிச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாரும் வெளிய போங்கன்னு கேப்டன் சொன்னாரு. காதுல மாட்டியிருக்கற கருவியில கேட்டுச்சு."

"அதுக்கு முன்னாடி?"

"தீ. பெருஞ்சத்தம்."

"அதுக்கு முன்னாடி என்ன பார்த்த?"

அவன் பார்வை ஜன்னல் பக்கம் போனது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கண்ணாடிக்காரர் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுப்பா. எதுவானாலும் சொல்லு. எனக்காக மறைக்க வேண்டாம்."

"ஒண்ணும் பார்க்கலைங்கய்யா."

"இருட்டா?"

"இல்ல. தூங்கிட்டேன்."

வெளியே ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேசினான். இப்போது ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்றான், தேடினான்.

"கீழேயிருந்து யாரும் சுடல. எதிரி விமானம் ஒண்ணு... பின்னாலேருந்து வந்துச்சு. பின்பக்கம் என் பொறுப்பு. அதைப் பார்க்கத்தான் என்னை அங்க வெச்சிருக்காங்க. வீட்டுக்குத்தானே போறோம், இனிமே என்னன்னு... ஏழு மணி நேரம் ஆச்சுய்யா அப்ப. கண்ணு சொருகிருச்சு. கேப்டன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவாரு. நான் தனியாக் கிடக்கேன்ல வாலுல, அதனால. 'வாலு, முழிச்சிருக்கியா?'ன்னு கேப்பாரு. முழிச்சிருக்கேன்னு சொல்லணும். அன்னிக்குக் கூப்பிட்டதுதான் என்னை எழுப்புச்சு. எத்தனாவது தரம் கூப்பிட்டாருன்னு தெரியல. கண்ணைத் திறந்தேன், வாயைத் திறந்தேன். சொல்றதுக்குள்ள அடிச்சுட்டான்."

கண்ணாடிக்காரர் சுவரில் சாய்ந்தார். மகனின் கண் காரணமில்லை. அட்டை காரணமில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த பாறாங்கல் நகர்ந்த மாதிரி இருந்தது. அந்த ஒரு நிமிஷம் அவர் சந்தோஷப்பட்டார் என்பதுதான் உண்மை. எதிரே ஒரு பிள்ளை உடைந்து உட்கார்ந்திருக்கிறான், இங்கே ஒருத்தருக்கு மூச்சு சீராக வருகிறது. அடுத்த நிமிஷமே அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்துவிட்டது. சீ, இதற்கா காத்திருந்தேன் என்று நினைத்தார்.

"இதை அஞ்சு வீட்டுலயும் சொல்லல நான். பொய் சொல்லிட்டு, அவங்க வெச்ச சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு வந்தேன்" என்றான் அவன்.

"மறைச்சது நீ மட்டும் இல்லப்பா. நான் சொல்றேன் கேளு. என் பையனுக்கு இடது கண்ணு சரியில்லை. தெரிஞ்சேதான் அனுப்பினேன். இந்த அட்டையை ஆள் எடுக்க வந்தவங்களுக்குத் தூக்கிக் குடுத்தவன் நான்தான். அவனுக்கு அது மனப்பாடம்னு தெரிஞ்சே குடுத்தேன்."

அவன் நிமிர்ந்தான். கண்ணீரோடு வாய் ஒரு பக்கம் கோணி ஒரு சிரிப்பு வந்தது.

"எங்களுக்கெல்லாம் தெரியுங்கய்யா. சாப்பாட்டு மேசை மேல ஏறி நின்னு ஒப்பிச்சுக் காட்டுவாரு. மேலேருந்து ஒரு தரம், கீழேருந்து ஒரு தரம். எங்கப்பா எனக்குக் குடுத்த சொத்துடான்னு சொல்லுவாரு."

"தெரிஞ்சேவா ஏறினீங்க?"

"வேற கேப்டன் வேணாம்னு ஏறினோம். தரையில இறங்கறப்ப எஞ்சினியர் பக்கத்துல நின்னு இன்னும் எத்தனை அடி உயரம்னு சொல்லிக்கிட்டே வருவாரு. பதினெட்டு தரம் கேப்டன் பூ மாதிரி இறக்கினாருய்யா. மத்த விமானமெல்லாம் திரும்பி வர்றப்ப, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு ஓடுபாதை ஓரமா நிப்பாரு. எல்லாம் வந்து சேர்ந்தப்புறம்தான் கழட்டுவாரு. அந்தக் கண்ணு இல்லைங்கய்யா காரணம். நான்தான்."

"அவன் எந்த விமானத்துலயும் ஏறியிருக்கவே கூடாது. நான் அட்டையைத் தரலேன்னா தரையில ஏதாவது வேலை பார்த்திருப்பான்."

"நான் முழிச்சிருந்தா..."

"நீ சின்னப் பையன். ஏழு மணி நேரம். நான் நாப்பத்தெட்டு வயசுல, பட்டப்பகல்ல, முழிச்சுக்கிட்டுச் செஞ்சேன்."

"போதும்."

திரைக்குப் பக்கத்தில் வீட்டுக்காரி டீத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, டீயில் ஆடை படிந்திருந்தது.

"கேட்டியா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"காது நல்லாத்தான் இருக்கு எனக்கு." தட்டை சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "அட்டையைக் குடுத்ததை அஞ்சு வருஷமா எங்கிட்டச் சொல்லல நீங்க. அதை அப்புறம் பேசுவேன் உங்ககிட்ட. நிறையப் பேசுவேன். இப்ப இல்ல."

அவர் ஏதோ சொல்லப் போனார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"என் பிள்ளை செத்ததை ஆளுக்குப் பாதின்னு பங்கு போட்டுக்கறீங்க ரெண்டு பேரும். எனக்கென்ன மிச்சம்? நான் எங்க போறது?"

ஸ்டூலை இழுத்து, வந்தவனுக்கு எதிரே போட்டு, முழங்கால் முழங்காலில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"நீ தூங்கிட்ட. தூங்கித்தான் போவாங்க பிள்ளைங்க. நான் அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன், சொல்லத் தெரியவும் இல்ல. எனக்கு வேற ஒண்ணு வேணும் உங்கிட்ட."

"கேளுங்கம்மா."

"அங்க உக்காந்திருந்தா கேப்டன் முகம் தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. நான் பின்னால பார்த்து உக்காந்திருப்பேன். அவரு அந்தக் கோடி. குரல் மட்டுந்தான். ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம், இருட்டுல அவரு குரல் மட்டுந்தான் இருக்கும் எனக்கு."

"அதான்" என்றாள் அவள். முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"முகம் இருக்குப்பா எனக்கு. போட்டோ இருக்கு. சட்டை இருக்கு, செருப்பு இருக்கு, எழுத்து இருக்கு. குரல் போயிருச்சு. போன வருஷம் வரைக்கும் இருந்துச்சு. அடுப்புக்கிட்ட நிக்கிறப்ப அம்மான்னு கூப்பிடுற மாதிரி கேக்கும். ஒரு நாள் கேக்கல. அடுத்த நாளும் கேக்கல. தேடித் தேடிப் பார்க்கிறேன். கூப்பிட்ட வார்த்தை எல்லாம் ஞாபகம் இருக்கு, சத்தம் மட்டும் வரமாட்டேங்குது. பெத்தவளுக்குப் பிள்ளை குரல் மறந்துபோச்சுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

கண்ணாடிக்காரர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டு, அவர் அட்டையைச் சுமந்தார், இவள் இதைச் சுமந்திருக்கிறாள். அவருக்கும் மகன் குரலை நினைத்துப் பார்க்கத் தோன்றியது. வரவில்லை. தன் குரல்தான் வந்தது.

"அவன் எப்படிப் பேசுவான்னு பேசிக் காட்டு" என்றாள்.

"எனக்கு வராதும்மா."

"வரும். உன் காதுக்குள்ளேயே இருந்தவன். மத்த எதுவும் வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிடுவான்னியே, அதைச் சொல்லு."

"அதை வேண்டாம்மா. அதை மட்டும் கேக்காதீங்க."

"அதுதாம்ப்பா உனக்கு நல்லாத் தெரியும்."

அவன் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டான். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்தான். தோளைக் குறுக்கிக்கொண்டான். விமானத்தில் மாட்டுகிற முகமூடி மாதிரி இரண்டு கைகளையும் குவித்து வாயை மூடினான். ஒரு தடவை தொண்டையைச் செருமினான். சரிப்படவில்லை. இன்னொரு தடவை செருமினான்.

"வாலூ..." கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் கேலியாக, தூக்கக் கலக்கமும் அக்கறையும் கலந்து, கடைசியில் லேசாக மேலே ஏறி வந்தது. "முழிச்சிருக்கியா?"

அது மகனேதான். மாடிப்படியில் நின்று கேட்கிறவன், சாப்பிட்டுவிட்டு வாசலிலிருந்து கேட்கிறவன், அட்டையைக் கழற்றிய அன்றைக்கு ஒன்றுமே கேட்காமல் நின்றவன். கண்ணாடிக்காரர் சக்கரத்தின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நாற்காலியில் இருந்தவனின் முதுகு குலுங்கியது. பதில் சொல்ல வேண்டிய இடம் அது. அவனுக்கு வாய் வரவில்லை.

"முழிச்சிருக்கேன் தம்பி" என்றாள் அம்மா. "முழிச்சுத்தான் இருக்கேன்."

அவன் திரும்பப் போனான். அவள் எட்டி அவன் தோளில் கை வைத்துத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தரம் கூப்பிடு" என்றாள்.